பதினான்காம் பக்கம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை துளசிமணி மாஸ்டரிடம் வந்து, "இங்க ஒரு திருடன் இருக்கான்" என்றாள்.

மாஸ்டர் சின்னச் சின்னக் கட்டைகளை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன போச்சு?"

"ஒண்ணும் போகல. அதான் பயமா இருக்கு."

மாஸ்டரின் பெயர் எட்வின். பல்லடத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். துணியை வெட்டுவதற்கு முன்னால் அட்டையில் அளவு வெட்டிக் கொடுப்பவர். வயது முப்பத்தாறு. துளசிமணிக்கு ஐம்பத்தொன்று. அதே கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். தைத்து வரும் பனியன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிழை இருக்கும் இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைச் செய்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஓடாது. துணி வெட்டும் நீள மேசை காலியாகக் கிடக்கும். அதைச் சுற்றி எட்டுப் பேர் கூடுவார்கள். விரல் நகமளவு பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று அழுத்தி ரேஷன் கடை, ரயில்வே கேட், பேருந்து நிறுத்தம் என்று கட்டுவார்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கும். இதை ஆரம்பித்தவர் எட்வின். அதனால் இங்கேயும் அவர் மாஸ்டர்தான்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. புதிதாக ஒன்றைக் கட்டியவர், கட்டிய விதத்தைப் படிப்படியாகப் படம் எடுத்துப் புத்தகமாக்கி எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். அவர் கொடுக்கும் வரை மற்றவர்கள் அதைப் பிரித்துப் பார்க்கக் கூடாது.

துளசிமணி கட்டியிருந்தது ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. சதுரக் கட்டையில் உருண்டை வருவது லேசில்லை. நான்கு மாதம் பிடித்தது. முடித்து ஒரு மாதமாக அது கூடத்து அலமாரியில் நின்றது. புத்தகம் இன்னும் கொடுக்கவில்லை.

"போன வாரம் தொட்டியோட ஏணி ஜன்னலைப் பார்த்து இருந்துச்சு" என்றாள். "இன்னைக்கு ஃபேனைப் பார்த்து இருக்கு."

"கூட்டறவங்க தூசி தட்டியிருப்பாங்க."

"தூசி தட்டினா ஏணி திரும்புமா? யாரோ எடுத்துப் பிரிச்சுப் பார்த்திருக்காங்க. என் ரேஷன் கடை ஷட்டர் எப்படிச் சுருளுதுன்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே கதிர்வேல் வாத்தியார் கடையிலயும் அதே மாதிரி சுருண்டுச்சே. அது எப்படி?"

"ஷட்டர் எல்லா ஊர்லயும் அப்படித்தான் சுருளும் அக்கா."

அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"யார் மேல சந்தேகம்?" என்றார் மாஸ்டர்.

அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அந்தத் தண்ணிக்காரர் மேல."

அங்கமுத்து தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். கூட்டத்தில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதிகம் பேச மாட்டார். வந்ததும் நேராக அலமாரிக்குப் போவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, கண்ணைத் தொட்டிக்கு அருகில் கொண்டுபோய் வெகுநேரம் பார்ப்பார்.

"கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிற ஆளை நம்பவே கூடாது மாஸ்டர்."

"முன்னால நீட்டிக்கிட்டு நின்னா?"

"அது இன்னும் மோசம்."

மாஸ்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"கண்டுபிடிச்சா என்ன செய்யணும்?"

"வெளியே அனுப்பணும். நீங்கதான் சொல்லணும்."

"கண்டுபிடிக்க முடியலேன்னா?"

"நான் வர மாட்டேன். அப்புறம் ஒரு கட்டையைக் கூடத் தொட மாட்டேன். யாரை நம்பறதுன்னு தெரியாத எடத்துல என்னால உக்காந்திருக்க முடியாது."

"சரி, எப்படித் தெரிஞ்சுக்கப் போறீங்க?"

"நீங்க சொல்லுங்க. உங்ககிட்டதானே எல்லாம் கத்துக்கிட்டேன்."

மாஸ்டர் ஒரு பச்சைக் கட்டையைப் பச்சைக் குவியலில் போட்டார். "செக்கிங் உங்க வேலை. நீங்களே பாருங்க."

அவள் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே புத்தகம் தயாரானது. மொத்தம் இருபத்திரண்டு பக்கம். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு படம். எல்லாம் சரியாக இருந்தன, பதினான்காம் பக்கத்தைத் தவிர.

சுவர் கட்டுகிற யாருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. கீழ் வரிசையில் இரண்டு கல் சேரும் ஒட்டுக்கு மேலே, அடுத்த வரிசையின் ஒட்டு வரக் கூடாது. ஒட்டுக்கு மேல் ஒரு முழுக் கல் உட்கார வேண்டும். பதினான்காம் பக்கத்தில் துளசிமணி வேண்டுமென்றே ஒட்டுக்கு மேல் ஒட்டை வைத்தாள். பதினைந்து, பதினாறாம் பக்கங்களில் வெளியே தெரியாத மாதிரி படத்தைத் திருப்பி எடுத்தாள்.

அவள் கணக்கு இதுதான். புத்தகத்தைப் பார்த்துக் கட்டினால், மூடியை வைத்து அழுத்தியதும் தொட்டி இரண்டாகப் பிளக்கும். பிளக்காமல் நின்றால், கட்டியவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அலமாரியில் இருக்கும் தொட்டியைத் திருட்டுத்தனமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மாஸ்டரிடமும் சொல்லவில்லை. மாஸ்டர் மட்டும் எந்த வகையில் சேர்த்தி என்று ஒரு இரவு யோசித்தாள். பிறகு தலையில் குட்டிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து, மாஸ்டரைத் தவிர மற்ற ஆறு பேருக்கும் கொடுத்தாள். "ரெண்டு வாரத்துல கட்டிக் கொண்டு வாங்க" என்றாள்.

அங்கமுத்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இதுல இருக்கற மாதிரியே கட்டலாமுங்களா அக்கா?"

"கட்டறதுக்குத்தானே கொடுக்கறேன்."

கேட்ட தோரணையே சரியில்லை என்று அவளுக்குப் பட்டது.

இரண்டு வாரம் கழித்து வெட்டு மேசையில் ஐந்து தொட்டிகள் நின்றன. துளசிமணி ஒவ்வொன்றின் மூடியையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் பிளக்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.

"என்னக்கா, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டப் போறீங்களா?" என்று வங்கியில் வேலை பார்க்கும் நசீமா கிண்டல் செய்தாள்.

துளசிமணி மாஸ்டரை இஸ்திரி மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். பதினான்காம் பக்கத்தைப் பற்றி மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள்.

"ஒரு திருடன்னு நினைச்சேன் மாஸ்டர். அஞ்சு பேர்!"



"வேணும்னே தப்பாப் போட்டீங்களா?"

"வேற வழி?"

மாஸ்டர் மேசைக்குத் திரும்பினார். "பதினாலாம் பக்கத்தை எப்படிக் கட்டினீங்க?" என்று பொதுவாகக் கேட்டார்.

கதிர்வேல் வாத்தியார் சட்டென்று துளசிமணியைப் பார்த்தார். "அது இப்ப எதுக்குங்க மாஸ்டர்? அக்கா காதுல விழப்போகுது."

"விழட்டும். சொல்லுங்க."

"ஒட்டு மேல ஒட்டு வந்துச்சு. படம் எடுக்கறப்ப மாறிப் போயிருக்கும்னு நானே மாத்திக் கட்டிட்டேன். பெரிய விஷயமா?"

"நானும் அப்படித்தான்" என்றாள் நசீமா. "நாலு மாசம் பாடுபட்டவங்க. போய் இதைச் சொன்னா சங்கடப்படுவாங்கன்னு விட்டுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்கக்கா."

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். ஒருவர் தன் புத்தகத்தையே எடுத்துக் காட்டினார். பதினான்காம் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு அம்புக்குறி இருந்தது.

துளசிமணி மாஸ்டரின் காதருகே வந்தாள்.

"அஞ்சு பேரும் ஒரே பேச்சுப் பேசறாங்க, பார்த்தீங்களா? முன்னாடியே கூடிப் பேசி வெச்சிருக்காங்க."

"ஆறாவது ஆள் எங்க?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அங்கமுத்து வரவில்லை.

"நான்தான் சொன்னேனே. மாட்டிக்குவோம்னு தெரிஞ்சு ஓடிட்டாரு. எல்லாத்துக்கும் தலைவரே அவருதான்."

மாஸ்டர் மொபெட் சாவியை எடுத்தார்.

"ஏறுங்க. போய்ப் புடிக்கலாம்."

ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு மோட்டார் அறை. கதவு திறந்திருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மரப்பலகை ஒன்றின் முன்னால் அங்கமுத்து தரையில் உட்கார்ந்திருந்தார். அவர்களைப் பார்த்ததும் எழுந்து, இடுப்பில் சொருகியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாங்க மாஸ்டர், வாங்கக்கா. நானே வரணும்னு இருந்தேனுங்க."

பலகையின் மேல் தொட்டி இருந்தது. மேலிருந்து பாதி வரை இரண்டாகப் பிளந்திருந்தது. பக்கத்தில் ஒரு துணிப்பை, கழுத்தில் முடிச்சுப் போட்டு.

"பையில என்ன?" என்றார் மாஸ்டர்.

"கூட்டத்துல எனக்குக் கொடுத்த கட்டைங்க. எண்ணி வெச்சுட்டேன். இதையும் பிரிச்சுப் போட்டுட்டுக் கொண்டாந்து கொடுத்தறலாம்னு."

"ஏன்?"

"எனக்கு வரலீங்க." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். "ஒம்பது தடவை கட்டியாச்சு. மூடியை வெச்சு அமுக்கினதும் வாயைப் பொளந்துக்குது. நம்ம கை வால்வு திருப்பற கை. இந்தச் சின்ன வேலைக்கெல்லாம் ஆகாதுங்க. வீட்ல அப்பவே சொன்னா, பெரியவங்க கூட்டத்துல போய் எதுக்கு உக்காந்துக்கறேன்னு."

துளசிமணி புத்தகத்தைப் பார்த்தாள். பலகையில் பதினான்காம் பக்கம் திறந்து கிடந்தது. மற்றப் பக்கங்களைவிட அது அழுக்காக இருந்தது. ஓரமெல்லாம் விரல் பட்டுக் கறுத்திருந்தது.

"இந்தப் பக்கத்துல ஏதாவது தப்பு இருக்கும்னு தோணலையா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"அக்கா போட்ட படமுங்களே."

"இருந்தாலும்?"

"பனியன்ல நூல் பிரிஞ்சிருந்தாக் கூடக் கண்டுபிடிக்கறவங்க. அவங்க படத்துல எப்படிங்க தப்பு வரும்? எங்கிட்டத்தான் ஏதோ கோளாறு."

"நசீமாவை, வாத்தியாரை, யாரையாவது கேட்டிருக்கலாமே."

அங்கமுத்து தயங்கினார். "கேட்டா, அக்கா படம் சரியில்லைன்னு நான் சொன்ன மாதிரி ஆயிருமுங்க."

இருந்தும் துளசிமணி கேட்டாள். கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

"என் தொட்டிய வாராவாரம் பக்கத்துல போய்ப் பார்த்தீங்களே. ஒரு தடவை பிரிச்சுப் பார்த்திருந்தாத் தெரிஞ்சிருக்குமே?"

"அதைத் தொடலாமுங்களா?" என்றார் அங்கமுத்து. அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது.

"அப்புறம் என்னத்தைப் பார்த்தீங்க அவ்வளவு நேரம்?"

"விளிம்புக்குக் கீழே, தண்ணி நிறைஞ்சா வழியற குழாய் வெச்சிருந்தீங்க பாருங்க. தொட்டி செய்யறவங்க தூணு வெப்பாங்க, ஏணி வெப்பாங்க. அந்தக் குழாயை யாரும் வெக்க மாட்டாங்க. பதினெட்டு வருசமா நான் தினமும் அண்ணாந்து பார்த்துட்டு நிக்கறது அந்தக் குழாயத்தாங்க. வழியுதா, வழியுதான்னு. அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு யோசிச்சுட்டே பார்ப்பேன்."

வெளியே தண்ணீர் சிதறும் சத்தம் கேட்டது. அவர் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார்.

"ரொம்பிருச்சு. ரெண்டாவது தெருவுக்குத் திறந்துட்டு வந்தர்றேன். உக்காருங்க, டீ சொல்லிட்டு வர்றேன்" என்று மோட்டாரை நிறுத்திவிட்டுப் போனார்.

அறை திடீரென்று அமைதியானது.

துளசிமணி தரையில் உட்கார்ந்தாள். பிளந்த தொட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். மேல் வரிசைகளைக் கழற்றினாள். அந்த ஒரு வரிசையை எடுத்து, கட்டையின் தலையில் இருக்கும் ஒரு குமிழ் அளவு தள்ளி உட்கார வைத்தாள். மறுபடி அடுக்கி, மூடியை வைத்து அழுத்தினாள். தொட்டி நின்றது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மாஸ்டர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தொட்டியைப் பலகை மேல் வைத்தாள். பையின் முடிச்சை அவிழ்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பவும் முடிச்சுப் போட்டாள். புத்தகத்தை மூடினாள். அதுவும் சரியில்லை என்று திறந்து வைத்தாள்.

"அவர் போகக் கூடாது மாஸ்டர்."

"ம்."

"எப்படிச் சொல்றது? பேசாம ஜெராக்ஸ் கடைக்காரன் படத்தை மாத்திப் போட்டுட்டான்னு சொல்லிடட்டுமா?"

வாசலில் அங்கமுத்து திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

"சொல்லுங்கக்கா" என்றார் மாஸ்டர். "நம்பிடுவார்."