மேட்டில் மட்டும் உதறும் வண்டி

"வண்டி மறுபடியும் உதறுது அம்மா."

வாயை விட்டு விழுந்த பிறகுதான், என்ன சொன்னோம் என்று மாசானமூர்த்திக்கு உறைத்தது.

உலகம்மையிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் வந்தாலும் முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பாள். குடித்து முடித்ததும் வாயில் முதலில் எது வருகிறதோ, அதுதான் அவர்களுடைய அன்றைய கேள்வி. அழுதாலும் புரண்டாலும் அதை மாற்ற விடமாட்டாள்.

"நான் கேக்க வந்தது அது இல்லம்மா. செத்தவங்க எங்க போறாங்கன்னு..."

"தண்ணி குடிச்சாச்சு அண்ணாச்சி."

அவர் செம்பைக் கீழே வைத்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த கேள்வி வீணாகிப் போனது.

தென்காசிப் பக்கம் ஒரு பொத்தை. புல்கூட ஒழுங்காக முளைக்காத பாறைக் குன்று. அதன் உச்சியில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் உலகம்மை இருந்தாள். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. ஊர் ஊராக ஆட்கள் அவளைத் தேடி வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். அவள் அதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மாசானமூர்த்தி கோபித்துக்கொண்டு போகாத ரகம். மின்வாரியத்தில் காலமெல்லாம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். மனைவி வடிவு போன பிறகு, வீட்டில் இருப்புக் கொள்ளாமல் இங்கே வர ஆரம்பித்தார். வரும்போதெல்லாம் பெரிய பெரிய கேள்விகளாகத்தான் கேட்பார். ஆத்மா, கர்மா, மறுபிறவி.

ஒரு தடவை கர்மா என்றால் என்ன என்று கேட்டதற்கு, உலகம்மை விளக்குமாற்றை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். அவரும் முற்றத்தைக் கூட்டிவிட்டு, ஒன்றும் புரியாமல் வீட்டுக்குப் போனார். மற்ற நாட்களில் அவர் கேள்வி கேட்டால் அவள் கொட்டாவி விடுவாள்.

இன்று கொட்டாவி விடவில்லை.

"எப்போ உதறுது?"

"மேட்டுல ஏறும்போதுதான். காலை அழுத்தினா முன்பக்கம் கிடுகிடுன்னு ஆடுது. அடியில கடகடன்னு ஒரு சத்தம். சமதரைக்கு வந்துட்டா ஒண்ணுமில்ல."

"பழைய வண்டியா?"

"பழசு இல்லம்மா, கரண்டுல ஓடுற வண்டி. சத்தமே இருக்காதுன்னுதான் ஆசையா வாங்கினேன். டீசல் வண்டின்னா எஞ்சின் இரைச்சல்ல ஒண்ணும் தெரியாது. இதுல உள்ள இருக்கவன் மூச்சு விட்டாக்கூடக் கேக்கும். எங்க வீட்டுல ஏறினா ரேடியோவை அலற விடுவா. அது வேற கதை."

"மெக்கானிக் என்ன சொன்னாங்க?"

"ஆக்சில் தேஞ்சிருக்குன்னாங்க. மோட்டார் சுத்துறதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோற தண்டு அது. புதுசு போட்டேன். கொஞ்ச நாள் நல்லா ஓடுச்சு. மறுபடியும் உதறல். திருநெல்வேலியில காட்டினேன். அங்கயும் புதுசு போட்டாங்க. மறுபடியும் உதறல். நாகர்கோவில், மதுரைன்னு நான் ஏறி இறங்காத பட்டறை இல்ல."

"எல்லாரும் ஒண்ணையே சொன்னாங்களா, இல்ல ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்களா?"

மாசானமூர்த்தி மேற்கே பார்த்தார். மலையே தெரியாமல் மேகம் இறங்கி நின்றது. பெய்யவும் இல்லை, விலகவும் இல்லை. அந்த மாதிரி நாட்கள் இப்போதெல்லாம் அவருக்கு ஆகாது.

"ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க," என்றார்.

அது பொய்.

உலகம்மை எழுந்தாள். "வாங்க, வண்டியைப் பார்ப்போம்."

இவளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று அவருக்குத் தோன்றியது. இருந்தாலும் பின்னாலேயே நடந்தார்.

மற்றவர்கள் எல்லாம் பொத்தையின் அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்துதான் வருவார்கள். அவர் மட்டும் அந்தக் குறுகலான சிமெண்டுப் பாதையில் உச்சிவரை ஓட்டிக்கொண்டு வருவார். உதறுகிறதா என்று பார்ப்பதற்குத்தான். புண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைப் போல.

உலகம்மை முன்பக்கம் இடது கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அவருக்குத் திக்கென்றது. வடிவு போனதிலிருந்து அந்த இருக்கையில் அவர் யாரையும் உட்கார விட்டதில்லை. கூடப்பிறந்த தங்கச்சி வந்தால்கூடப் பின்னால்தான்.

"அம்மா, பின்னால உட்காருங்களேன். வசதியா இருக்கும்."

"இதுவே வசதியாத்தான் இருக்கு. குனியக்கூட வேண்டாம், நாற்காலியில உட்காருற மாதிரி இருக்கு. கம்பெனிக்காரன் இவ்வளவு உயரமாவா விட்டான்?"

அவர் சாவியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, உங்களைத்தான் கேக்கேன்."

"கம்பெனிக்காரன் இல்ல. நான்தான் தூக்கினேன்."

"எதுக்கு?"

அவர் சுற்றி வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது.

வடிவு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் ஆன பிறகு, தாழ்வான இருக்கையில் உட்கார்ந்து எழுந்தால் வலியில் உயிர் போய்விடும். ஆனால் வாராவாரம் திருநெல்வேலிக்குப் போய்ப் பயிற்சி செய்தாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் காரில் ஏற்றி இறக்குவதற்குள் அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

அப்போதுதான் ஒரு பட்டறையில், முன்சக்கரத்து ஸ்பிரிங்கின் சுருளுக்குள் ரப்பர் கட்டைகளைச் செருகி வண்டியை உயர்த்தித் தருவார்கள் என்று கேள்விப்பட்டார். வேகத்தடையில் அடி தட்டக் கூடாது என்று பலரும் செய்துகொள்கிற வேலைதான். அவர் வடிவுக்காகச் செய்தார்.

"அன்னையிலிருந்து நின்னவாக்குல பின்னால சாய்ஞ்சு உட்கார்ந்துருவா. 'இப்போதான் மனுஷி மாதிரி ஏறுதேன்'னு சிரிச்சா."

"பட்டறைக்காரர் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னார்." அவர் சற்று இழுத்தார். "வண்டியைத் தூக்கினா ஆக்சில் சாய்வா நின்னு சுத்தும், நாளாக நாளாகத் தேயும், மேட்டுல உதறும்னார்."

"அதுக்கு நீங்க?"

"'உதறினா உதறட்டும் ஐயா, அவ வலியில்லாம ஏறி இறங்கினாப் போதும்'னு சொன்னேன்."

"அப்போ அவங்க எங்க இருந்தாங்க?"

"யாரு, வடிவா? வண்டிக்குள்ளதான். நீங்க இருக்கிற இடத்துல."

"கண்ணாடி ஏத்தியிருந்துதா?"

"நல்ல வெயில். இறக்கித்தான் இருந்துது."

உலகம்மை தலையை ஆட்டினாள். 

"ஊர் ஊரா போனீங்களே. அவங்க என்ன சொன்னாங்க? இப்போ சொல்லுங்க."

"எல்லாரும் ஒண்ணைத்தான் சொன்னாங்க. ரப்பரை எடுத்துருங்க, சரியாயிரும்னாங்க."

"எடுக்க வேண்டியதுதானே. இனிமே இந்த உயரம் யாருக்கு?"

அவள் எப்போதும் இப்படித்தான் பேசுவாள். இருந்தாலும் இன்று அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"எடுக்க மாட்டேன்."

"அவங்க ஞாபகமா இருக்கட்டும்னா?"

"ஞாபகம்னா நல்லா இருந்திருக்குமே அம்மா."

அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"திருநெல்வேலியில ஆக்சிலைக் கழட்டினவர், அதைக் கையில வச்சுக்கிட்டே கேட்டார். 'இது ரொம்ப நாளாவே உதறியிருக்கணுமே சார், உங்களுக்குத் தெரியலையா'ன்னு. எனக்குத் தெரியலை அம்மா. வடிவு இருக்கிற வரைக்கும் இந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்ல. கையில லேசா நடுங்கியிருந்தாலும் ரோடுன்னுதான் நினைச்சிருப்பேன். அவ போயி, பதினாறு முடிஞ்சு, முதமுதலா வண்டியைத் தனியா எடுத்தேன். முதல் மேட்டுலயே கடகடன்னுச்சு."

"சரி."

"ரப்பர்தான் காரணம்னா, அவ இருக்கும்போதே உதறியிருக்கணும். குலுங்காம கூட்டிட்டு வாங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். நான் அவளை வாராவாரம் இதுலதான..."



வடிவு போனது இடுப்பால் அல்ல. நெஞ்சில் சளி கட்டி, மூச்சுத் திணறிப் போனாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது அவருக்கு ஆறுதலாக இல்லை.

வலிக்காமல் ஏற்றுவதற்காக உயர்த்திய வண்டியில், வழி நெடுக வலிக்க வைத்துக் கூட்டிக்கொண்டு போனோமோ என்ற ஒரு நினைப்புதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது. ரப்பரை எடுத்து உதறலும் நின்றுபோனால், அது நிச்சயமாகிவிடும். காரணம் வேறு என்று யாராவது ஒருத்தர் சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் பட்டறை பட்டறையாக அலைந்தார். யாரும் சொல்லவில்லை. கடைசியில் பொத்தைக்கு வந்து ஆத்மாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேற காரணம் சொல்லணும்னா நான் சொல்லுதேன்," என்றாள் உலகம்மை. "ரோடு சரியில்லன்னு வச்சுக்கிடலாம். போதுமா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போதாது."

"வலிக்குதுன்னு அவங்க ஒரு தடவையாவது சொன்னாங்களா?"

"ஒரு தடவைகூடச் சொல்லல. அதைத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். உதறியிருந்தா சொல்லியிருக்க மாட்டாளா? காபியில சீனி ஒரு சிட்டிகை கூடினாக்கூடச் சொல்லுவாளே."

உலகம்மை சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"கீழ போங்க. போயிட்டு மறுபடி மேல ஏத்துங்க."

வண்டி பாதையில் இறங்கியது. இறங்கும்போது ஒரு சத்தமும் இல்லை. சக்கரத்தில் சரளைக்கல் நொறுங்குவது மட்டும் கேட்டது. அடிவாரத்தில் ஒரு குடும்பம் வேனை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. உலகம்மை காரில் வருவதைக் கண்டு அவர்கள் கும்பிடுவதா வேண்டாமா என்று விழித்தார்கள்.

அவர் வண்டியைத் திருப்பினார். மேடு எதிரே நின்றது.

காலை அழுத்தினார்.

பாறை வளைவு வரைக்கும் ஒன்றுமில்லை. வளைவைத் தாண்டியதும் வந்துவிட்டது. ஸ்டியரிங் கையில் நடுங்கியது. அடியிலிருந்து கடகடவென்று சத்தம் கிளம்பி வண்டிக்குள் நிறைந்தது. ஓரக்கண்ணால் இடது பக்கம் பார்த்தார். உலகம்மையின் தோளும் கழுத்தும் குலுங்கின. முழங்கால் மேல் வைத்திருந்த கை குலுங்கியது.

அந்த இருக்கையில் ஒருத்தர் குலுங்குவதை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

"திருநெல்வேலி போற வழியில மேடு உண்டா?" என்று உலகம்மை கேட்டாள். சத்தத்தை மீறிக் கேட்பதற்காக உரக்கக் கேட்க வேண்டியிருந்தது.

"ரயில்வே மேம்பாலம் இருக்கு. அதுல ஏறித்தான் போகணும்."

"மேம்பாலத்துல ஏறும்போது அவங்க என்ன செய்வாங்க?"

"என்ன செய்வா, சும்மா உட்கார்ந்திருப்பா."

"சும்மாவேவா இருப்பாங்க?"

அவர் யோசித்தார். வடிவு அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்க அவருக்கு இத்தனை நாளாகத் தைரியம் வந்ததில்லை. இப்போது நினைத்துப் பார்த்தார். மஞ்சள் கயிறு, ஊன்றுகோல், ஜன்னல் பக்கம் சாய்ந்த தலை. பாலம் வருகிறது. வலது கை நீளுகிறது.

"ரேடியோவைக் கூட்டுவா."

"பிடிச்ச பாட்டா இருந்திருக்கும்."

"பாட்டு எங்க இருந்துது. காது கிழியுது, குறைன்னு நான் கத்துவேன். பாலம் இறங்குற வரைக்கும் கையை எடுக்க மாட்டா. விளம்பரம் ஓடினாக்கூட..."



கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. மேட்டின் பாதியில் வண்டி நின்றது. உதறலும் நின்றது, சத்தமும் நின்றது.

உலகம்மை பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்தாள். குனியாமல் இறங்கினாள். மீதி மேட்டை நடந்தே ஏறினாள்.