கொப்பைக் கவ்விக்கொண்டு போன கிடா

கருவேலங்காட்டு மந்தையில் முறுக்கன் என்றொரு வெள்ளாட்டுக் கிடா இருந்தான். கொம்பு முறுக்கிக்கொண்டிருக்கும், பேச்சு அதைவிட முறுக்கிக்கொண்டிருக்கும். பேரம் பேசாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான்.

அது கொடுங்கோடை. தரையில் பேருக்குக்கூடப் புல் இல்லை. மேய்ப்பர்தான் மரம் மரமாகப் போய், நீளத் தொரட்டியால் உச்சிக் கொப்புகளை அறுத்துத் தள்ளுவார். அவர் காலடியில் நின்ற ஆடுகளுக்கு வயிறு நிறைந்தது.

முறுக்கனுக்கு மூக்குக்கு மேல் கோபம். "நாள் முழுக்க இவர் பின்னாலேயே அலையணுமா? நான் என்ன உண்ணியா, ஒட்டிக்கிட்டே கிடக்க?"

நேராக மேய்ப்பரிடமே போனான். "ஐயா, ஒரே பேச்சு! ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து தலையைக் காட்டுறேன். வாரத்துக்கு உண்டான தழையை மொத்தமாக் கொடுத்திடுங்க!"

மேய்ப்பர் சிரித்துவிட்டார். "மொத்த வியாபாரம் நம்மகிட்ட கிடையாதப்பா. என்கூடவே இரு."

"பேரம் படியலை!" என்று கத்தினான் முறுக்கன். கீழே கிடந்ததில் பெரிய கொப்பாகப் பார்த்துக் கவ்விக்கொண்டு, கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம் நடந்தான்.

சுட்டி என்கிற பெட்டை ஆடு கூவினாள். "ஏய் முறுக்கா! மரத்தை விட்ட கொப்பு எத்தனை பொழுதுக்குடா தாங்கும்?"

"உன் வேலையைப் பாருடி! அவர் கட்டின மணி என் கழுத்துல கிடக்கு. எங்கே போனாலும் நான் அவர் ஆடுதான்!"

அன்று சாயங்காலம் பெருவிருந்து. மறுநாள் தழை சுருண்டது. அப்புறம் மிஞ்சியது முள்ளும் குச்சியும்தான். குச்சியைக் கடித்துக்கொண்டே முறுக்கன் கொப்பைத் திட்டினான். "துரோகி! நேத்து எப்படிப் பசேல்னு இருந்தே!"

ஆனாலும் திரும்பவில்லை. நாமாகப் போய் நின்றால் நம் விலை இறங்கிவிடுமே!

புதரை விலக்கிக்கொண்டு ஒரு நரி எட்டிப் பார்த்தது.

"கிட்ட வராதே! நான் மேய்ப்பர் ஆடு! மணியைப் பாரு!"

"மணிச் சத்தம் கேட்டுத்தானே அண்ணாச்சி வந்தேன்!" என்றது நரி. "மணி இருக்கு. மேய்ப்பரைக் காணோமே?"

முறுக்கன் அப்போதும் விடவில்லை. "சரி, பேசி முடிச்சுக்குவோம். வாலை மட்டும் எடுத்துக்கோ!"

"ஆகட்டும், வால்லேருந்தே ஆரம்பிக்கிறேன்!"

முறுக்கன் ஓடப் பார்த்தான். பட்டினிக் கால்கள் மடங்கின. பேரமெல்லாம் தொண்டையிலேயே செத்தது. "ஐயாவே!" என்று அலறினான்.

கரட்டின் மேலிருந்து ஒரு கல் பறந்து வந்தது. நரி புதருக்குள் பாய்ந்தது. அவனைத் தேடித் தேடி முள் கிழித்த கால்களோடு மேய்ப்பர் இறங்கி வந்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

தோளில் ஏறியதும் முறுக்கனுக்கு வாய் அரித்தது. "ஐயா, வாரத்துக்கு ரெண்டு தரம் வந்தா..."

கீழே பார்த்தான். புதருக்குள் இரண்டு கண்கள் மின்னின.

"எப்பவும் ஐயா! எப்பவும் உங்ககூடத்தான்!"

அதன் பிறகு மேய்ப்பர் நடந்தால் நடந்தான், நின்றால் நின்றான். விலா எலும்பு மறைந்தது. சதை போட்டது. மழைக்காலம் வந்தபோது மந்தையிலேயே வாட்டசாட்டமான கிடா அவன்தான்.

"என்னடா முறுக்கா, என்ன பண்ணி இப்படி வளர்ந்தே?" என்று வாயைப் பிளந்தாள் சுட்டி.

"நான் எங்கேடி வளர்ந்தேன்? அவர் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான்!"

கிறிஸ்துவின் பேரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டதால் ஆத்துமா வளராது. அவரை விட்டு நகராமல் நின்றால்தான் வளரும்.