இரண்டு மடங்கு மழை

"பெட்டி பொய் சொல்லுது, மேடம்," என்றார் ஆண்டியப்பன்.

பியூலா அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கினாள். மலை மலையாகப் போய் மழைமானிகளைப் பழுது பார்க்கிற திருநெல்வேலிக்காரி. ஆண்டியப்பனுக்கு மகள் வயது. ஆனாலும் மழையளக்கும் வேலையை அவளிடம்தான் கற்றார் என்பதால், ஐம்பத்தாறு வயதிலும் அவளைக் கண்டால் எழுந்து நிற்பார்.

"என்ன பொய் சொல்லிச்சு, அண்ணாச்சி?"

"மழை அளவு மிஞ்சிப்போச்சுன்னு மூணு தடவை சங்கு ஊதிடுச்சு. மலை சரியப்போகுதுன்னு லயத்து ஜனம் மூணு தடவையும் கொட்டுற மழையில, பிள்ளகுட்டியோட கீழ பள்ளிக்கூடத்துக்கு ஓடுச்சு. ஒரு பிடி மண்ணு சரியல. இனி ஊதினா காதுல பஞ்சு வச்சுக்கிட்டுப் படுத்துக்குவோம்னு லயத்து மாரக்கா என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க."

மேலே சரிவைக் கை காட்டினார்.

"நாளைக்குப் பெரிய மழையாம். நிஜமாவே சரிஞ்சா?"

தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, அந்தச் சரிவில், லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசைகளில் நாற்பது குடும்பம்.

பியூலா பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்து மழைமானியின் வாயில் மெல்ல ஊற்றினாள்.

"எண்ணுங்க."

மழைமானிக்குள் ஒரு சின்னக் கரண்டி உண்டு. நிறைந்தால் 'டக்' என்று கவிழும். அது கவிழ்வதை எண்ணித்தான் பக்கத்திலிருக்கும் பெட்டி, டேட்டா லாகர், மழையைக் கணக்கிடும். ஆண்டியப்பன் குனிந்து காதை வைத்து எண்ணினார்.

"பத்து."

"லாகர்ல எவ்வளவு?"

"இருபது." கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் சொல்லல? பச்சைப் பொய்!"

பியூலா கருவிக் கொட்டகைக்கு நடந்தாள். கதவைத் திறந்து உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. ஜன்னல் வழியே தலை நீட்டினாள்.

"உள்ள எத்தனை பேர் வந்தாச்சு?"

"நீங்க ஒரு ஆளு."

"கதவு எத்தனை தடவை அசைஞ்சுது?"

"திறந்தது ஒண்ணு, சாத்துனது..."

ஆண்டியப்பன் சட்டென்று லாகரைத் திரும்பிப் பார்த்தார்.

ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் உள்ளே ஒரு சுவிட்ச் ஒட்டும், உடனே விடும். ஒட்டும்போது எண்ணவா, விடும்போது எண்ணவா, இரண்டிலுமா என்று பொருத்திய அன்றே லாகர் கேட்டிருந்தது. 'இரண்டிலும்' என்று அமைத்தவர் அவரேதான். ஒரு சொட்டுகூடக் கணக்கில் தப்பிவிடக் கூடாதாம். அக்கறைக்கு என்ன குறைச்சல்! வானம் பெய்தது போதாதென்று, இவர் பங்குக்கும் பெய்ய வைத்துவிட்டார்.

"பெட்டி நான் சொன்னதத்தான் செஞ்சிருக்கு," என்றார் மெதுவாக. வெட்கமாக இருந்தது.

"மாத்துங்க."

மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் மறுபடி ஊற்றினாள். காதில் பத்து. லாகரிலும் பத்து. அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்தில் வாடியும் போனது.

"பெட்டி சரியாயிடுச்சு. ஜனத்த என்ன பண்றது? சரி பண்ணிட்டேன்னு நான் போய்ச் சொன்னா சிரிப்பாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, மேடம். நீங்க சொன்னா நம்புவாங்க."

"நான் சொல்லியா நீங்க நம்புனீங்க?"

ஆண்டியப்பன் மழைமானியைப் பார்த்தார், லாகரைப் பார்த்தார்.

பிறகு லயத்து வீடுகளின் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார்:

"மாரக்கா! தப்பு என்னோடது! ஒரு குடம் தண்ணியோட எல்லாரும் வாங்க, நீங்களே ஊத்தி நீங்களே எண்ணுங்க!"