சாம்பலில் பதிந்த கால்

மலையடிவாரத்து மடத்தில் மாணவர்களுக்கு முதல் பாடம் காலை நான்கரை மணிக்கு. நான்கு மணிக்கே கூடத்துக்குள் போய் ஒவ்வொருவரையும் உலுக்கி எழுப்புவது மூத்த சீடர் சட்டநாதனின் பொறுப்பு.

பதினைந்து வயது அம்பலவன் பாடத்தில் தினமும் தூங்கி விழுந்தான்.

சட்டநாதன் குருவிடம் போனார்.

“சாமி, அந்தப் பையன் இரவில் எங்கேயோ போய்வருகிறான். வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.”

“பார்த்தாயா?”

“பார்க்க வேறு வேண்டுமா? பத்து வயதுப் பொடியன்கள் நான் போவதற்குள் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மீசை அரும்பியதுகள்தான் மரக்கட்டை மாதிரி கிடக்கின்றன. அதிலும் இவன் சாயங்காலமானால் பாடத்தைப் பிழையில்லாமல் ஒப்பிக்கிறான். ஏதோ கள்ளத்தனம் இருக்கிறது.”

குரு அம்பலவனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“படுத்தால் நடுச்சாமம்வரை தூக்கம் வருவதில்லை, சாமி. கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறேன். என்னை அனுப்பிவிடாதீர்கள்.”

“கேட்டீர்களா கதையை!” என்றார் சட்டநாதன்.

“சாட்சி கொண்டு வா. அனுப்பிவிடலாம்” என்றார் குரு.

அன்று எல்லோரும் படுத்த பிறகு, சட்டநாதன் கூடத்து வாசற்படியில் அடுப்புச் சாம்பலைத் தூவிவைத்தார். கூடத்துக்கு அது ஒன்றுதான் வழி.

மறுநாள் நான்கு மணிக்கு வழக்கம்போல் இருட்டில் உள்ளே போனார். எல்லோரையும் உலுக்கினார். அப்போதுதான் சாம்பல் நினைவுக்கு வந்தது.

“யாரும் அசையக் கூடாது!”

விளக்கை ஏற்றி வாசற்படியைப் பார்த்தார். ஒரு காலடி உள்நோக்கிப் பதிந்திருந்தது.

“சாமி! வந்து பாருங்கள்! நான் தூவுவதற்கு முன்பே நழுவியிருக்கிறான். திரும்பி வரும்போது மாட்டிக்கொண்டான்.”

குரு வந்து குனிந்து பார்த்தார்.

“அம்பலவா, காலை வை.”

பையன் வைத்தான். தடம் அவன் காலைவிடப் பெரிதாக இருந்தது.

“நீ வை” என்றார் சட்டநாதனிடம்.

அச்சாகப் பொருந்தியது.

“இது... எழுப்ப வந்தபோது நான் மிதித்தது, சாமி.”

“வேறு தடம்?”

“இல்லை.”

அம்பலவன் அதற்குள் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டிருந்தான். குரு அவனைப் பார்த்துவிட்டுச் சட்டநாதனிடம் திரும்பினார்.

“நீ சந்தேகப்பட்டது சரிதான். ஒருவன் தினமும் நான்கு மணிக்கு உள்ளே வந்து இவர்களிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போகிறான். அவனை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. நாளையிலிருந்து ஏழு மணிக்கு வரச் சொல்.”