ஒரு வருஷத்துக்குக் கேட்காதே

நாகர்கோவிலில் எங்கள் ஆபீசில் குரு என்றால் மெர்லின்தான். வயசு இருபத்தொன்பது. சிஷ்யர் தாணுமாலயனுக்கு ஐம்பத்தொன்று. துபாயில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, வெப்சைட் வேலை கற்றுக்கொள்ள வந்தவர். அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். நாங்கள் கேலி பண்ணாத நாள் இல்லை. இரண்டு பேரும் கண்டுகொள்ளவே மாட்டார்கள்.

புரட்டாசியில் ஒரு நாள் காலை, தாணுமாலயன் அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மேடம், மூணு நாளா மண்டை காயுது."

"சொல்லுங்க அண்ணாச்சி."

சங்கதி இதுதான். குழந்தை டாக்டர் கோலப்பனின் கிளினிக் பக்கத்தை நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம். முப்பத்தாறு வயசு மனுஷன், ஆடி மாசம் பைக் விபத்தில் போய்விட்டார். அவர் போட்டோவையும், 'இன்று டாக்டர் இருக்கிறார், காலை 10 முதல் 1 வரை' என்ற வரியையும் அன்றைக்கே எடுத்துவிட்டு இரங்கல் செய்தி போட்டோம். ஆனால் ஒரு போனில் மட்டும் பழைய பக்கம் போகவில்லை. டாக்டரின் அப்பா பூதலிங்கத்தின் போன். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் அதைக் காட்டுகிறாராம். பார்க்கச் சகிக்கவில்லை, எப்படியாவது சரி செய்து கொடுங்கள் என்று கிளினிக் நர்ஸ் சொல்லியிருந்தாள்.

"கிளவுட்ல இருந்த பழைய நகலை எல்லாம் மூணு தடவை துடைச்சாச்சு. என் போன்ல சரியா இருக்கு. உங்க போன்லயும் சரியா இருக்கு. அவருக்கு மட்டும் ஏன் மேடம்?"

"ஹெட்டர்ல என்ன போட்டிருந்தீங்க?"

பக்கத்தோடு சேர்ந்து போகிற குறிப்புக்குத்தான் ஹெட்டர் என்று பெயர். இந்த நகலை இத்தனை நாள் வைத்துக்கொள், அதுவரை என்னிடம் வந்து கேட்காதே என்று போனுக்குச் சொல்லி அனுப்புவது.

தாணுமாலயன் தலையைத் தொங்கப் போட்டார். "படத்துக்குப் போட வேண்டிய ஒரு வருஷத்தைப் பக்கத்துக்கும் சேர்த்துப் போட்டுட்டேன். இப்போ மாத்தியாச்சு."

"மாத்தினது அந்த போனுக்கு எப்படித் தெரியும்?"

"நம்மகிட்ட வந்து கேட்டாத் தெரியும்."

"கேக்காதேன்னு சொன்னது யாரு?"

அவர் தன் நெஞ்சையே தொட்டுக் காட்டினார்.

"வாங்க, நேர்லயே போய்ப் பாப்போம்," என்றாள். கார் என்னுடையது என்பதால் நானும் போனேன்.

வழியில் தாணுமாலயனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது. "பெரிய வேலை இல்ல மேடம். பக்கத்தை விரலால கீழ ஒரு இழுப்பு இழுத்தாப் போதும், புதுசு வந்துரும்."

மெர்லின் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வடசேரியில் வீடு. பூதலிங்கம் பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். முகத்தில் பல நாள் தாடி. "வாங்க மக்கா, இருங்க," என்று நாற்காலிகளை இழுத்துப் போட்டார். வந்த விஷயத்தைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் போனைத் திறந்து நீட்டினார்.

கோலப்பன் சிரித்துக்கொண்டிருந்தார். இன்று டாக்டர் இருக்கிறார்.

"சித்திரை விஷு அன்னைக்கு அவனே போட்டுத் தந்தது," என்றார் பெரியவர். "இதைத் தொட்டா நான் இருக்கேனா இல்லையான்னு தெரிஞ்சுரும், சும்மா சும்மா போன் பண்ணாதீங்கப்பான்னான். நான் கூப்பிட்டாலே பயலுக்கு எரிச்சல்."

தாணுமாலயன் போனை வாங்கித் திரையில் விரலை வைத்தார்.

"கீழ இழுக்கப் போறீங்களோ?" என்றார் பெரியவர்.

விரல் அப்படியே நின்றது.

"இழுத்தா புதுசு வருமாம். பேத்தி சொன்னா." பெரியவர் போனையே பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்குத் தெரியாதா மக்கா? கொள்ளி வச்சவன் நான்லா. காலையில பத்து மணிக்கு ஒரு தடவை தொறப்பேன். அவ்வளவுதான். இழுக்க மாட்டேன்."

மெர்லின் எழுந்து தாணுமாலயன் கையிலிருந்து போனை எடுத்தாள். அந்தப் பக்கம் போனுக்குள் வந்து சேர்ந்த தேதியை மட்டும் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் பெரியவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"வச்சுக்கிடுங்க ஐயா."

அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பால் விடாத கட்டன்காப்பி கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

காரில் ஏறியதும் தாணுமாலயன் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். எனக்கும் ரோடு சரியாகத் தெரியவில்லை.

"தப்பு என்னுது மேடம். திருத்தாம வந்துட்டோமே. நர்ஸ் கேட்டா என்ன சொல்ல?"

"சரியாயிரும்னு சொல்லுங்க."

"எப்போன்னு கேப்பாளே."

"போன விஷு அன்னைக்குத்தான் அந்த போன் நம்மகிட்ட கடைசியா கேட்டிருக்கு. நீங்க ஒரு வருஷம்னு எழுதியிருக்கீங்க."

அவர் விரல் விட்டு மாசங்களை எண்ணினார். எண்ணி முடித்ததும் முகம் மாறிவிட்டது.

"அப்போ வர்ற விஷு முடிஞ்சா... அவர் இழுக்காட்டாலும்..."

"ஆமா. அவர் தொட்டதும் அதுவாவே நம்மகிட்ட கேக்கும், புதுசு வந்துரும்."

ஆபீஸ் வந்துவிட்டது. மெர்லின் இறங்கினாள். தாணுமாலயன் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு நான் என்ன செய்யணும் மேடம்?"

"பத்து மணிக்கு முன்னாடியே போய் அவர் பக்கத்துல உக்காந்திருங்க, அண்ணாச்சி."