வாசல் புரோகிராம் சொன்ன சாட்சி

தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் கிடங்கு. வாசல் கணினியின் புரோகிராம் கேட்க, கிரேன் கணினியின் புரோகிராம் பதில் சொன்னால்தான் லாரிக்குக் கதவு திறக்கும். அன்று காலை திறக்கவில்லை. வெளியே நாற்பது லாரிகள் ஹாரன் அடித்தன.

"கிரேன் புரோகிராம் இவ எழுதினது. பதிலே சொல்லல. இவளை வீட்டுக்கு அனுப்புங்க," என்றார் தலைமைப் பொறியாளர் சற்குணம். வாசல் புரோகிராம் அவருடையது.

மேலாளர், சேர்ந்து இரண்டே மாதமான இசக்கியம்மாளைப் பார்த்தார்.

"என் புரோகிராமுக்கு வாசல்ல இருந்து கேள்வியே வரல சார்."

"அப்படியா? என் புரோகிராமைத் திறக்காம, ஒரு எழுத்தை மாத்தாம நிரூபி பார்ப்போம்!"

"சரி சார். அதைத் தொடங்குற கட்டளையில மட்டும் ஒரு ஆப்ஷன் சேர்க்கட்டுமா?"

"சேர்த்துக்கோ தாயி!" என்று சிரித்தார் சற்குணம்.

செய்வதையெல்லாம் திரையில் சொல்லிக்கொண்டே செய்யவைக்கும் ஆப்ஷன் அது. சேர்த்துத் தொடங்கினாள். வரிகள் ஓடின. வாசல் புரோகிராம் ஒரே முகவரியைத் தேடியது, பதில் இல்லை, மறுபடியும் அதே முகவரி.

"யாரோட முகவரி இது?" என்றார் மேலாளர்.

"நேத்து ராத்திரி சற்குணம் சார் கழற்றச் சொன்ன பழைய கிரேன் கணினியோடது சார்."

"ஏன் இப்படிப் புலம்புது? நிறுத்தும்மா!" என்று பதறினார் சற்குணம்.

"இன்னொரு ஆப்ஷன்ல புதுக் கிரேன் கணினியோட முகவரியைக் கொடுத்தா தானா நிறுத்திக்கும் சார்."

"கொடும்மா," என்றார் மேலாளர். "நீ இங்கேயே இரு. சற்குணம், நீங்க வெளியே போய் லாரிக்காரங்களைச் சமாளிங்க."