ஒரு படி மேல்

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசின. ஆற்றுத்துறையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி என்று வைத்திருந்தன. உச்சிப்படியில் குதிரையும் காளையும் நின்று தண்ணீரைப் பார்க்கும். நடுவில் மான்கள், பசுக்கள். சேற்றை ஒட்டிய கீழ்ப்படிகளில் ஆடுகள், முயல்கள், சாம்பி என்ற கழுதை. யாரைப் பற்றிப் பேச்செடுத்தாலும் எந்தப் படி என்றுதான் முதலில் கேட்கும்.

ஓர் ஐப்பசியில், மலையில் பெய்த மழை சொல்லாமல் கொள்ளாமல் ஆற்றில் இறங்கியது. மேலே நின்றவை கரையேறிவிட்டன. கீழே நின்றவை ஏறுவதற்குள் நடுவில் ஒரு பெரிய படிக்கல் பெயர்ந்து வெள்ளத்தோடு போயிற்று. சாம்பி ஒரே தாவலில் அந்தப் பள்ளத்தைத் தாண்டி மேலே வந்துவிட்டாள். திரும்பிப் பார்த்தாள். மற்றவற்றுக்கு அது எட்டவில்லை. குட்டிகள் அழுதன.

நிற்காமல் ஓடி வரச்சொல்லிக் காளை கூப்பிட்டது. சாம்பியோ பள்ளத்தில் இறங்கிக் கால்களை ஊன்றி நின்றாள். தன் முதுகை மிதித்து ஏறச் சொன்னாள்.

ஒவ்வொன்றாக ஏறின. தண்ணீர் அவள் வயிற்றைத் தொட்டது, பிறகு கழுத்தை. கடைசியில் ஒரு சினை ஆடும் கிழட்டு முயலும் மட்டும் மிஞ்சின. ஆடு தயங்கியது.

“நீ கரையேறு, அக்கா. உனக்கு மூச்சு முட்டுகிறது.”

“நான் நகர்ந்தால் நீ எதன்மேல் கால் வைப்பாய்? ஏறு, தாயி.”

ஆடு ஏறியது. பின்னாலேயே முயலும் ஏறியது. கரையில் குதித்து அது திரும்பியபோது, பள்ளத்தின்மேல் வெள்ளம் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது.

தண்ணீர் வடிந்ததும் எல்லாம் துறையில் கூடின. சாம்பியைக் கீழ்ப்படிக்காரி என்று சொல்ல எதற்கும் வாய் வரவில்லை. குதிரை தன் படியை அவள் நினைவாக விட்டுத்தருவதாகச் சொல்லித் தலைகுனிந்தது. இதற்குள் ஈன்றிருந்த குட்டிகளோடு நின்ற அந்த ஆடு அதை ஒப்புக்கொள்ளவில்லை.

“அதுவும் போதாது. அவள் நம் எல்லாரையும்விட ஒரு படி மேல்” என்றது.

காளை ஒரு கல்லை இழுத்துவந்து உச்சிப்படிக்கும் மேலே போட்டது. அதில் யாரும் ஏறி நிற்கவில்லை.

அன்று முதல்தான், குரலோ கைவேலையோ குணமோ, வழக்கமாகக் காண்பதைவிடச் சிறந்த ஒன்றைக் கண்டால் ‘ஒரு படி மேல்’ என்று நாம் சொல்கிறோம்.